நெப்போலியனின் போர்த் தலைமையகத்தில் பெர்த்தியேயின் வேலை என்ன?

கேள்வி: படையெடுப்புகளில் முடிவுகளை நெப்போலியனே எடுத்தார் என்றால், 1796 முதல் 1814 வரை அவருடைய தலைமைப் பணியாளராக இருந்த பெர்த்தியே என்னதான் செய்தார்?

மறுமொழி 1: நெப்போலியன் வேகமாகச் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவற்றை, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் உரிய தெளிவான ஆணைகளாக மாற்றி, முக்கியமானவற்றைத் தனித்தனிக் குதிரை வீரர்களிடம் பல பிரதிகளாக அனுப்பி வைத்தது அவருடைய அலுவலகமே. தூதர் ஒருவர் வழியில் பிடிபட்டாலும் ஆணை போய்ச் சேர வேண்டுமல்லவா?

மறுமொழி 2: பெர்த்தியேயின் அலுவலகத்தைச் சேராமல், நெப்போலியனுக்கு நேரடியாக உதவிய வரைபடப் பிரிவையும் மறந்துவிடக் கூடாது. அதன் தலைவர் பாக்லர் தால்ப் வண்ண ஊசிகளால் படைகளின் இருப்பிடங்களைக் குறித்து வைப்பார். ஒரு நாள் நடைத் தொலைவுக்கு விரித்த கவராயத்துடன் நெப்போலியன் அளந்து பார்ப்பார். இருவரும் வரைபடத்தின்மேல் படுத்தபடி தலையோடு தலை முட்டிக்கொண்டதும் உண்டாம்!

மறுமொழி 3: ஆனாலும் பெர்த்தியேயைத் தளபதியாக எண்ணிவிட வேண்டாம். 1809 ஏப்ரலில், நெப்போலியன் வந்து சேரும்வரை பவேரியாவில் படைகளை நடத்தும் பொறுப்பு அவரிடம் இருந்தபோது பெருங்குழப்பமே விளைந்தது. அதே சமயம், அவர் 1815 ஜூன் 1 அன்று பாம்பர்க்கில் இறந்துவிட, நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூ போரில் அப்பணியை ஏற்றிருந்த மார்ஷல் சூல்ட்டின் ஆணைகளில் காணப்பட்ட தெளிவின்மையே, பெர்த்தியேயின் அருமையை எனக்கு உணர்த்துகிறது.