மைக்ரோபிப்பெட் ஆஸ்பிரேஷனுக்கு ‘உறிஞ்சல்’ சரியா வருமா?

வணக்கம். செல்லோட விறைப்ப அளக்கற முறைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடிட்டிருக்கோம். அதுல ஒண்ணான மைக்ரோபிப்பெட் ஆஸ்பிரேஷனுக்கு இங்க ஒரு தம்பி முன்வச்ச ‘நுண்குழல் உறிஞ்சல்’ எனக்கு ஒப்பல. மண்ணு தண்ணிய உறிஞ்சுது, வேர் உறிஞ்சுதுன்னா அந்தப் பொருள் உள்ள போயிடுது, அப்சார்ப்ஷனுக்கும் ஏற்கெனவே அதே சொல்லத்தான் வச்சிருக்கோம். இங்க செல் முழுசா உள்ள போகக்கூடாது. செல்லைவிடக் குறுகலான கண்ணாடிக் குழாயோட வாய அதுமேல வச்சு, குழாய்க்குள்ள அழுத்தத்தக் கொஞ்சங் கொஞ்சமா குறைப்பாங்க, செல்லோட ஒரு ஓரம் மட்டும் நாக்கு மாதிரி உள்ள நீளும், மிச்சம் வெளியவே நிக்கும், எவ்வளவு அழுத்தம் குறைச்சா எவ்வளவு நீளுதுன்னு மைக்ராஸ்கோப்ல அளந்துதான் விறைப்பக் கணக்குப் போடறாங்க.

அதனால என் யோசனை ‘நுண்குழல் கவ்விழுப்பு’. பேய்க்கணவாய, அதாவது ஆக்டோபஸக் கையில பிடிச்சவங்களுக்குத் தெரியும், அது கால்ல இருக்கற குட்டிக் கிண்ணம் ஒவ்வொண்ணும் தோல லேசா உள்ள இழுத்துப் பிடிச்சுக்கும், பிச்சு எடுத்தா வட்ட வட்டமா தடம் இருக்கும். பாம்பன்ல அத ‘கவ்விக்கிச்சு’ன்னுதான் சொல்வோம், யாரும் ‘உறிஞ்சுது’ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. குழாய் செல்லுக்குப் பண்றதும் அச்சா அதேதான். ‘இழுப்பு’ன்னா மூச்சு வாங்கற நோய்தான ஞாபகம் வரும்னு இங்க ஒரு அக்கா கேட்டது நியாயம், ஆனா முன்னால ‘கவ்வு’ ஒட்டினப்புறம் அந்தக் குழப்பம் வராதுன்னு நம்பறேன்.

கடல் உவமை வலிஞ்சு கொண்டுவர்றேன்னு நெனைக்காதீங்க. 1954ல மிட்ச்சிசன், ஸ்வான்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இந்த முறைய வச்சுப் பாத்ததே கடல் முள்ளி (சீ அர்ச்சின்) முட்டையிலதான், நம்ம மன்னார் வளைகுடாவுலயும் கடல் முள்ளி இருக்கு. முட்டை கருவானப்புறம் ரெண்டா பிரியறதுக்கு முன்னாடி அதோட மேற்பரப்பு விறைக்குதுன்னு அப்புறம் காட்டினாங்க.

ஸ்டிஃப்னஸுக்கு ‘கடினம்’ வேண்டாம், ‘விறைப்பு’ இருக்கட்டும். கடல் அட்டையப் பாருங்க, 2001லேர்ந்து பிடிக்கத் தடை, வலையில தானா ஏறினதத் திருப்பிக் கடல்ல விடும்போது தொட்டாலே விறைச்சுக்கும், விட்டா கொஞ்ச நேரத்துல தளந்துடும். செல்லும் உயிரோட இருக்கறவரைக்கும் தன் விறைப்பத் தானே மாத்திக்கிட்டே இருக்கு, ‘கடினம்’னா கல்லு மாதிரி மாறாத குணமா தோணுது. மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணு விறைச்சுப்போய் மெல்லிய ரத்தக்குழாய்ல நுழைய முடியாமத் திணறுது, இங்கயும் ‘விறைச்சுப்போச்சு’ன்னு சொன்னா எங்க புள்ளைங்களுக்கு விளக்கமே தேவைப்படல.

விறைப்ப அளக்கற இன்னொரு முறை பாக்கி. அணுவிசை நுண்ணோக்கி (அடாமிக் ஃபோர்ஸ் மைக்ராஸ்கோப்), 1986ல வந்தது, அதோட ஊசிமுனையால செல்லை அமுக்கிப் பாப்பாங்க, நம்ம மீன் ஏலத்துல பொம்பளைங்க கட்டைவிரலால மீன அமுக்கற மாதிரியே. குழி உடனே மேல வந்தா நல்ல மீன், அப்படியே நின்னா பழசு. அமுக்கறதுக்கு ‘குழிப்பு’ன்னு வச்சுக்கலாம், ஆனா செல்லுல அந்தக் குழி உடனேயும் வராது, நிக்கவும் நிக்காது, மெதுவா எழும்பும், அந்தக் குணத்துக்கு (விஸ்கோஎலாஸ்டிசிட்டி) ‘பாகுமீள்மை’ன்னு எழுதினா ஏதோ வெல்லப்பாகு மாதிரி இருக்கு. கீழக்கரை, தொண்டிப் பக்கம் இருக்கறவங்க, குழி மெதுவா எழும்பறதுக்கு உங்க ஊர் ஏலத்துல தனியா ஒரு சொல் இருந்தா கேட்டு எழுதுங்க.