மடிக்கணினியை மூட முடியாதது யார் குற்றம்?

பெல்லந்தூர்வாசி:
தை மாதம் ஓசூரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் குழந்தை என் மடியில் இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்த அந்த நொடியில், நான் ஒற்றைக் கையால் கைபேசித் திரையைத் தள்ளி, அலுவலக சர்வர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அந்த வாரம் ஆன்கால் முறையும் (கோளாறு என்றால் உடனே வந்து பார்க்கும் பொறுப்பு) என்னுடையதல்ல. குடிகாரருக்குக் குடி எப்படியோ அப்படியே தமக்கு வேலை என்று 1971இல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் வெய்ன் ஓட்ஸைப் படித்தபோது என்னைத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. வேலைப் பித்தை அளக்கும் பெர்கன் அளவுகோலின் ஏழு கேள்விகளில் நான்குக்கு ‘அடிக்கடி’ என்றாலே வேலைப் போதையின் அறிகுறி என்கிறார்கள். நான் ஐந்துக்குச் சொன்னேன். ஆகவே, குற்றம் என்னுடையதே.

அல்சூர் பெரியவர்:
தம்பி, பழியை நீங்களே சுமப்பது நிறுவனங்களுக்கு மிக வசதி. என் தந்தை இங்கே பெங்களூரில் பின்னி நெசவாலையில் வேலை பார்த்தவர். சங்கு ஊதியதும் தறி ஆலையிலேயே நின்றுவிடும்; அதை யாரும் வீட்டுக்குத் தூக்கி வந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023இல் இளைஞர்களிடம் வாரம் 70 மணி நேரம் கேட்டார். 2024 ஜூலையில் ஐ.டி. ஊழியருக்கு 14 மணி நேர வேலைநாளை அனுமதிக்கும் யோசனை கர்நாடக அரசின் முன் வந்து, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சங்கைப் பிடுங்கிவிட்டு, காது கேட்கவில்லை என்று தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பதா?

கோரமங்களா இளைஞன்:
இருவருமே மிகைப்படுத்துகிறீர்கள். என் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது; நள்ளிரவு வரை உட்கார்ந்தால் அது என் விருப்பம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வேலைப் போதை என்று ஒரு நோயே இல்லை.

பெல்லந்தூர்வாசி:
பட்டியலில் இல்லைதான். ஆனால் அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். விரும்பிச் செய்தாயா என்று ரத்தக்குழாய் கேட்பதில்லை. மேலும், பிடித்திருப்பது வேறு, நிறுத்த முடியாதது வேறு. ஒரு சனிக்கிழமை கைபேசியை அலமாரியில் பூட்டிவிட்டு உங்களைக் கவனித்துப் பாருங்கள்; நான் பூட்டிய முதல் சனிக்கிழமை, காரணமே இல்லாமல் மனைவி மீது எரிந்து விழுந்தேன். “வேலை இல்லாத நேரத்தில் எதற்குப் பயப்படுகிறீர்கள்?” என்று மனநல ஆலோசகர் கேட்டபோது வெகுநேரம் எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் மடிக்கணினியை அலுவலக லாக்கரிலேயே வைத்துவிட்டு வருகிறேன். மேலாளரிடமும் சொல்லிவிட்டேன்.

அல்சூர் பெரியவர்:
நல்லது; உங்கள் மேலாளர் தலையாட்டினார். என் மகள் ஒப்பந்த ஊழியர்; இரவு 11 மணி அமெரிக்க அழைப்பை எடுக்காவிட்டால் ஒப்பந்தம் நீளாது. அவள் எந்த லாக்கரில் வைப்பாள்?

பெல்லந்தூர்வாசி:
ஐயா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை: நாளை மறுநாள் ஒரு மென்பொருள் வெளியீடு இருப்பதால், இந்த வாரம் மடிக்கணினி வீட்டுக்கு வந்துவிட்டது. மேலாளர் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்து வந்தேன்.