மறு: தண்ணீர் இல்லாமல் எலிமென்ட் காய்வதற்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

வண்டிவீட்டு வெந்நீர்க் கலனுக்கான பழுதுநீக்கக் கையேட்டில் மற்ற சொற்களெல்லாம் ஓரளவு படிந்துவிட்டன. உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டியான ஆர்.வி.க்கு 'வண்டிவீடு' என்பதை யாரும் மறுக்கவில்லை. எலிமென்ட்டை எலிமென்ட் என்றே விட்டுவிடலாம் என்பதிலும் பெரிய சண்டை இல்லை. (எனக்கு அதில் வருத்தமும் இல்லை. கடையில் போய் 'வெப்பமூட்டும் கூறு ஒன்று கொடுங்கள்' என்று எவரும் கேட்கப்போவதில்லை.) இழுபறியெல்லாம் ஒரே இடத்தில்தான். தொட்டி காலியாக இருக்கும்போது ஸ்விட்சைப் போட்டு எலிமென்ட்டைக் கருக்கிவிடுகிறோமே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

> உலர் எரிப்பு என்று போடலாம். 'டிரை ஃபையர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர் நிகர்.

நேர் நிகர்தான், சிக்கலும் அதுதான். இந்தக் கலன்களில் பல, இரண்டு வழியிலும் காய்பவை. ஒரே தொட்டியை எரிவாயுவாலும் காய்ச்சலாம், மின்சாரத்தாலும் காய்ச்சலாம். கையேட்டில் 'எரிப்பான்', 'எரிப்புக் குழல்', 'சுடர் எரியவில்லை என்றால்' என்று வருகிற இடமெல்லாம் எரிவாயுப் பக்கத்தைச் சேர்ந்தவை. அங்கே 'உலர் எரிப்பு' என்று ஒன்றைக் கண்டால், படிப்பவர் வெளிக்கதவைத் திறந்து சுடரைத்தான் குனிந்து பார்ப்பார். பழுதோ தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மின் எலிமென்ட்டில். ஆளைத் தவறான பக்கம் அனுப்பும் சொல் எவ்வளவு துல்லியமான மொழிபெயர்ப்பாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

> 'நீரின்றிச் சூடேறல்' எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் எங்கே நீரின்றி? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் பலர் எலிமென்ட்டை இழப்பது இங்கேதான்.

குளிர்காலத்துக்கு வண்டியை மூடி வைக்கும்போது தொட்டியை வடித்துவிட்டு, குழாய்களில் உறைதடுப்பு நீர்மம் ஓடவிடுவார்கள். 23 லிட்டர் தொட்டியை அந்த நீர்மத்தால் நிரப்புவது வீண். அதனால் தொட்டிக்குள் போகாமல் பைபாஸ் வழியாக நேரே வெந்நீர்க் குழாயைப் போய்ச் சேரும்படி வால்வுகளைத் திருப்பி வைப்பார்கள். சில வண்டிகளில் ஒரே வால்வு, சிலவற்றில் இரண்டு அல்லது மூன்று. பருவம் திரும்பியதும் வண்டியை வெளியே எடுத்து, தண்ணீர்க் குழாயை இணைத்து, வெந்நீர்ப் பக்கத்தைத் திறந்தால் தண்ணீர் ஜோராகக் கொட்டுகிறது. தண்ணீர்தான் வருகிறதே என்று ஸ்விட்சைப் போடுகிறார்கள். வந்தது முழுக்க பைபாஸ் வழித் தண்ணீர். தொட்டியில் ஒரு சொட்டு இல்லை.

ஆகவே 'நீரின்றி' என்று பொதுவாகச் சொன்னால், 'எனக்குத்தான் நீர் வந்ததே' என்று அவர் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவார். பிறகு பிரேக்கரைப் பார்ப்பார், ரீசெட் பொத்தானை அழுத்துவார், தெர்மோஸ்டாட்டை மாற்றுவார். கடைசியில் புது எலிமென்ட் வாங்கிப் பொருத்துவார். வால்வு அப்படியே பைபாஸில் இருக்கும், புதியதும் போய்விடும்.

> பாதுகாப்புக் கருவிகள் இருக்கின்றனவே, அவை நிறுத்திவிடாதா?

நல்ல கேள்வி. வட அமெரிக்க வண்டிகளில் பரவலாக இருப்பது 120 வோல்ட், 1440 வாட் எலிமென்ட். 23 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி செல்சியஸ் ஏற்ற அதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் அது பிழைத்திருப்பது, தன்னைச் சுற்றியுள்ள தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டே இருப்பதால். சுற்றிலும் காற்று மட்டும் இருந்தால் சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி செக்கச்சிவந்து சீக்கிரமே அறுந்துபோகும். தெர்மோஸ்டாட்டும் மிகைச்சூட்டு நிறுத்தியும் தொட்டியின் வெளிச்சுவரில் ஒட்டி உட்கார்ந்திருப்பவை. தொட்டிச் சுவர் சுட்டால்தான் அவற்றுக்குச் செய்தி போகும். காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. சுவர் வெதுவெதுப்பாகும் முன்பே எலிமென்ட் செத்திருக்கும்.

இனி என் முன்மொழிவு: வெறுங்காய்வு.

சமையல் தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அடுப்பில் சட்டியை வைத்து உள்ளே ஒன்றும் போடாமல் மறந்துவிட்டால் 'வெறும் சட்டி காயுது' என்கிறோம். 'எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போடு' என்கிறோம், குளிர் காய்கிறோம். சூடாவது, ஈரம் வற்றுவது இரண்டுக்கும் தமிழில் காய்தல் என்ற ஒரே வினை. நமக்கு வேண்டியதும் அந்த இரண்டும் சேர்ந்த நிலைதான். ஆய் ஆய்வு, ஓய் ஓய்வு, தேய் தேய்வு என்ற வரிசையில் காய் காய்வு. வெறும் முன்னால் சேர்ந்தால் வெறுங்கை, வெறுங்கால் போல வெறுங்காய்வு.

இன்னொரு வசதி, இதை வினையாகவும் ஆளலாம். 'எலிமென்ட் வெறுங்காய்ந்துவிட்டது', 'தொட்டியை வடித்த பின் வெறுங்காய விடாதீர்கள்'. 'நீரின்றிச் சூடேறல்' இப்படியெல்லாம் வளையாது.

'வெறுங்காய்ச்சல்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். 'சாதாரணக் காய்ச்சல்தான், மாத்திரை போதும்' என்று படித்துவிடுவார்கள் ஐயா, விட்டுவிடுவோம்.

இதே பகுதியில் இன்னொரு சொல்லையும் முடித்துவிடலாம். எஃகு துருப்பிடிக்காமல் காக்க, தொட்டிக்குள் திருகி வைத்திருக்கும் மக்னீசியத் தண்டு, ஆங்கிலத்தில் ஆனோடு. பாடநூல் வழியில் 'நேர்மின்வாய்' என்று போட்டிருக்கிறோம். மின்பகுப்பில் அது சரி. ஆனால் இந்தத் தண்டு தானாகவே மின்கலம்போல் வேலை செய்கிறது, அங்கே ஆனோடு எதிர்க்குறி உடையது. 'நேர்' என்று பெயரிலேயே எழுதிவிட்டுப் பிறகு அடிக்குறிப்பில் மன்னிப்புக் கேட்பதை விட, கரைதண்டு என்று வைத்துவிடலாம். கரைந்தது, கரைகிறது, கரையும் எல்லாம் வினைத்தொகைக்குள் அடங்கும். முக்கால்வாசி அரிபட்ட தண்டை வெளியே எடுத்ததும் 'ஐயோ, தொட்டி போச்சு' என்று பதறுபவருக்கு, அது கரைவதற்கென்றே வைத்தது என்பது பெயரிலேயே தெரியும். சபர்பன் நிறுவனத்தின் கலன்களில் உள்ள எஃகுத் தொட்டிகளில்தான் இது உண்டு, ஆட்வுட் நிறுவனத்தின் அலுமினியத் தொட்டிகளில் கிடையாது என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். சபர்பனில் கரைதண்டேதான் வடிகால் அடைப்பானும். அதைக் கழற்றினால் தொட்டி காலி, அப்புறம் யாராவது ஸ்விட்சைத் தட்டினால் வெறுங்காய்வு. இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் வர அதுதான் காரணம்.

கருத்துச் சொல்லுங்கள்.

* * *

ஐயா, வணக்கம்.

பழுதுபார்ப்பவனாக ஒரு வார்த்தை. வெறுங்காய்வு நன்றாக இருக்கிறது, வாயில் சிக்கவில்லை. எங்களுக்குள் 'காயில் (கம்பிச்சுருள்) போச்சு' என்று மட்டும்தான் சொல்வோம், ஏன் போச்சு என்பது அதில் இருக்காது. அந்தக் குறை தீரும்.

ஆனால் உங்கள் விளக்கத்தில் 'தொட்டி காலி' என்றே திரும்பத் திரும்ப வருகிறது. பாதித் தொட்டி தண்ணீர் இருந்தும் எலிமென்ட் போனதைப் பார்த்திருக்கிறேன். வண்டி சாய்வாக நின்றாலோ, நிரப்பும்போது காற்று சிறைப்பட்டாலோ எலிமென்ட்டின் ஒரு பகுதி வெளியே தெரியும். தெரிகிற பகுதி காயும், அவ்வளவுதான். தொட்டியை வைத்து வரையறுத்தால் இது வெளியே போய்விடுகிறது.

இன்னொன்று. எலிமென்ட் சாக வேறு வழிகளும் உண்டு, கையேட்டில் அவற்றோடு குழப்பிவிடாதீர்கள். நாங்கள் பார்க்கும் முறை இது. வெளி மின் இணைப்பைப் பிடுங்கி, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்து, எலிமென்ட்டின் இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் அளந்தால் வேறு பாதையின் அளவும் சேர்ந்து காட்டும். இரு முனைகளுக்கும் நடுவே 10 ஓம் பக்கம் வந்தால் கம்பி நன்றாக இருக்கிறது (120 வோல்ட்டை 12 ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள்). மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. அடுத்து ஒரு முனைக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் நடுவே வைக்க வேண்டும். அங்கே எந்த அளவும் வரக் கூடாது. வந்தால் கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை விரிசல் விட்டு, உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் குடித்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டதும் பிரேக்கரோ மின்கசிவுக் காப்போ விழுகிறது என்று வருகிற புகார்களில் பல இதுதான்.

அறுந்திருந்தால் மட்டும் கழற்றிப் பார்ப்பேன். வெறுங்காய்ந்தது என்றால் உறை கொப்புளித்து, கருகி, சில சமயம் நீளவாக்கில் பிளந்து இருக்கும். சுண்ணப் படிவு மூடிச் செத்தது வேறு மாதிரி: வெள்ளை ஓடு தட்டிப்போய், ஓரிடத்தில் மட்டும் ஓட்டை. முதலாவதில் வால்வைப் பார்க்க வேண்டும், இரண்டாவதில் தொட்டியை அலச வேண்டும். இதற்கும் ஒரு சொல் வேண்டாமா? 'படிவுக்காய்வு'?

அப்புறம், வெந்நீர் வெதுவெதுப்பாக மட்டும் வருகிறது என்று வருபவர்களுக்கு எலிமென்ட்டில் கோளாறே இருக்காது. பைபாஸ் பாதி திறந்திருக்கும், இல்லாவிட்டால் வெளியே இருக்கும் குளியல் குழாயில் இரண்டு திருகும் திறந்தபடி, தலைப்பகுதியில் மட்டும் அடைத்திருக்கும். தண்ணீரும் வெந்நீரும் அங்கே கலந்து உள்ளே திரும்பி வரும். இதை வெறுங்காய்வுப் பத்திக்கு மேலே போட்டால் பாதிப் பேர் மீட்டரைத் தொடாமலே தப்பிப்பார்கள்.

* * *

வணக்கம்.

வரையறையைப் பற்றிச் சொன்னது சரி, தொட்டியை எடுத்துவிட்டு எலிமென்ட்டை வைத்தே எழுதிவிடலாம். சொல்லை மாற்றத் தேவையில்லை. 'வெறும்' என்பது எதனோடும் சேராத நிலை. தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வெறுமையாகத்தான் இருக்கிறது.

படிவுக்காய்வு வேண்டாம் என்பது என் எண்ணம். அங்கே எலிமென்ட் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, சூடு வெளியேற ஓடு விடவில்லை. இரண்டுக்கும் 'காய்வு' வைத்தால் அட்டவணையில் அடுத்தடுத்து நின்று கண்ணைக் குழப்பும். 'சுண்ணப் படிவு' என்று காரணத்தின் பேரையே எழுதினால் போதும், தொட்டியை அலசச் சொல்வதும் அதிலேயே தொக்கி நிற்கிறது. தேவைப்படாத இடத்தில் சொல் படைப்பது நம் குழுவுக்குப் பழகிப்போன கெட்ட பழக்கம்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

வெறுங்காய்வு (பெயர்): எலிமென்ட்டின் ஒரு பகுதியேனும் நீருக்கு வெளியே இருக்கும் நிலையில் அதில் மின்சாரம் பாய்ந்து மிகையாகச் சூடாதல். வினை: வெறுங்காய். குழாயில் தண்ணீர் வருவது தொட்டி நிறைந்ததற்கு அடையாளம் ஆகாது.

இந்தக் கடைசி வாக்கியம் அகராதிக்குப் பொருந்தாது என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், அது இருக்க வேண்டும்.

அப்படியானால் எதுதான் அடையாளம் என்று படிப்பவர் கேட்பார். தொட்டியிலேயே பொருத்தியிருக்கும் அழுத்த விடுவிப்பு வால்வு. பைபாஸை எப்படித் திருப்பி வைத்திருந்தாலும், அதன் வாயில் வருவது தொட்டித் தண்ணீர் மட்டுமே. நிரப்பும்போது வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்று உமிழ்வது நின்று தண்ணீர் சீராக விழும்வரை விட வேண்டும். பிறகு விடுவிப்பு வால்வின் நெம்பை மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் வந்த பிறகுதான் ஸ்விட்ச். தொட்டி சூடாக இருக்கும்போது அந்த நெம்பைத் தொடக் கூடாது என்பதை அதே வரியில் எழுத வேண்டும், அடுத்த வரியில் அல்ல. வண்டி சாய்வாக நிற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும் சொல்லிவிடலாம், உங்கள் பாதித் தொட்டிக் கதைக்காக.

வெதுவெதுப்பு வெந்நீரை மேலே கொண்டுபோகிறேன். வெறுங்காய்வு எச்சரிக்கையை ஸ்விட்ச் பற்றிய பகுதியில் வைப்பதாக இருந்தேன். கரைதண்டு கழற்றும் பத்தியின் முதல் வரியாகவே வைத்துவிடுகிறேன், தொட்டி காலியாவது அங்கேதானே. சபர்பனில் ஒரு ஸ்விட்ச் உள்சுவரிலும் இன்னொன்று வெளிக்கதவுக்குப் பின்னால் வடிகால் பக்கத்திலும் இருக்கும் மாடல்கள் உண்டு, இரண்டையும் அணைக்கச் சொல்லியாக வேண்டும். கரைதண்டுக்கு எதிர்ப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், இந்த இழை இதற்கே நீண்டுவிட்டது.