புதுப்பிப்பு: ஃபூர்னாஸ் எரிமலை ஏரியை அம்மாவுடன் சுற்றி வந்தோம்

அறுபதைத் தாண்டிய அம்மாவால் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் உள்ள ஃபூர்னாஸ் ஏரியை முழுக்கச் சுற்றி நடக்க முடியுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று சென்னையிலிருந்து கிளம்பும் முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிந்தது. பாதை சுமார் 9.5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் தினமும் நடக்கும் அம்மாவுக்குச் சிரமமே இல்லை. காலையிலேயே தொடங்கி, நண்பகலில் வடகரைக்கு வந்து சேரச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. கந்தக நெடியோடு ஆவி பீறிடும் அந்த இடத்தில், சூடான மண்ணுக்குள் மணிக்கணக்கில் வெந்த பானைகளை அப்போதுதான் வெளியே தூக்கினார்கள். அம்மா கண்கொட்டாமல் பார்த்தார்.

அந்தப் பானைகளில் வேகும் கொசிடோ என்ற உணவில் இறைச்சி உண்டு. ஆனால் ஊருக்குள் வெந்நீர் ஊற்றிலேயே வேகவைத்த மக்காச்சோளம் விற்கிறார்கள். இது நாங்கள் எதிர்பார்க்காதது, சைவக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

டெரா நோஸ்ட்ரா பூங்காவின் வெந்நீர்க் குளத்துக்குப் பழைய, அடர்நிற நீச்சலுடை எடுத்துப் போகச் சொன்னவருக்குத் தனி நன்றி. இரும்புச்சத்து நிறைந்த பழுப்புத் தண்ணீர் அது. எங்கள் வெள்ளைத் துண்டில் ஏறிய செம்மண் நிறம் துவைத்தும் போகவில்லை. அப்புறம், மழைக்கோட்டு கட்டாயம்.