பாளை – ஜங்ஷன் சைக்கிள் தடம்: மனுவுக்கு ஆள் சேர்க்கிறோம்

தாமிரபரணி மிதிவண்டி
திருநெல்வேலியில், பாளையங்கோட்டை முருகன்குறிச்சியிலிருந்து வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் வழியாக ஜங்ஷன் வரை, சாலையின் இரண்டு ஓரமும் சைக்கிளுக்குத் தனித் தடம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுப்பதாகத் திட்டம். வார்டு பகுதி சபையிலும் பேசலாம். வெறும் மனு என்றால் கட்டோடு கட்டாகக் கிடக்கும். அதனால் முந்தின நாள் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாளையிலிருந்து சைக்கிள் ஊர்வலம். டி-ஷர்ட் அடிக்கும் யோசனையும் உண்டு. சைக்கிள் வைத்திருக்கும் எல்லோரும் வாங்க.

மார்க்கெட் அண்ணாச்சி
தம்பி, படம் வரைவது சுலபம். என் கடைக்கு அரிசி மூட்டை குட்டியானையில் வருகிறது. வாசலில் நிறுத்தி இறக்கினால் ஒரு கூலி. நீங்கள் கல் நட்டு அடைத்துவிட்டால், அடுத்த தெருவில் நிறுத்தி லோடுமேன் தலையில் சுமந்து வரவேண்டும். அதற்கு ஒரு கூலி. உங்களுக்குத் தடம், எனக்குத் தண்டம். கார் நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளரும் பைபாஸ் பக்கம் பெரிய கடைக்குப் போய்விடுவார்.

ஹைகிரவுண்ட் ரைடர்
நானும் சைக்கிள்காரன்தான், ஆனால் எனக்கு இந்தத் தடம் வேண்டாம். விடியுமுன் கிளம்பி வல்லநாடு வரை போய்த் திரும்புகிறோம், ரோடு காலியாகத்தான் கிடக்கிறது. தடம் போட்டால் குப்பை, கண்ணாடித் துண்டு, பைக் எல்லாம் அதில்தான் சேரும். 2020-ல் பெங்களூரு வெளிவட்டச் சாலையில் கம்பம் நட்டு சைக்கிள் தடம் போட்டார்கள். கம்பம் உடைந்தது, பைக்குகள் புகுந்தன, அப்புறம் அதை எடுத்தே விட்டார்கள். அங்கேயே அந்த கதி.

மேலப்பாளையத்தான்
ரைடர் அண்ணே, விடியக்காலையில் ரோடு காலியாக இருப்பது உங்களுக்குச் சரி. நான் போவது எட்டரை மணிக்கு, பெயிண்ட் வேலைக்கு. ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் தூக்குச்சட்டி, ஒரு பக்கம் பிரஷ் வாளி. ஓரமாகப் போனால் சாக்கடை மூடி. அதில் கம்பி எல்லாம் சக்கரம் போகிற வாட்டத்திலேயே நீளமாக இருக்கிறது, முன் டயர் சொருகிக்கொள்ளும். அதைத் தவிர்க்க ஒரு முழம் உள்ளே வந்தால் பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடிக்கிறார். தடம் போடும் முன்னே அந்தக் கம்பியைக் குறுக்காகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள், அதுவே பாதி புண்ணியம்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு டி-ஷர்ட் போட்டு வருபவர் யார்? சித்தாள், பால்காரர், சமையல் வேலைக்குப் போகும் அக்கா, இவர்களில் ஒருத்தரும் வரமாட்டார்கள். போட்டோவைப் பார்த்து, "இது பணக்காரங்க உடற்பயிற்சி" என்று ஆபீஸில் ஒதுக்கிவிடுவார்கள்.

தாமிரபரணி மிதிவண்டி
திங்கள் காலை வைத்தால் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

மேலப்பாளையத்தான்
யாரும் வரவேண்டாம் அண்ணே, அவர்கள் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறார்கள். எட்டரைக்கு ஆற்றுக்கு மேலே போகும் சுலோச்சன முதலியார் பாலத்து முனையில் தாளோடு நில்லுங்கள். ஒரு நிமிஷம் நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். எழுதத் தெரியாதவருக்கு மை வையுங்கள்.

சமாதானபுரம் டீச்சர்
பள்ளிப் பிள்ளைகளை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். 20 வருஷத்துக்கு மேலாக அரசே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. கொடுத்த கையே ஓட்ட இடமும் கொடுக்கவேண்டாமா? எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு சைக்கிள் வந்தும் வீட்டில் தாழ்வாரத்தில் பாலிதீன் கவரோடு நிற்கிறது. வண்ணார்பேட்டை ரவுண்டானாவைத் தாண்டி விட அம்மாவுக்குத் தைரியம் இல்லை, அதனால் ஷேர் ஆட்டோவில் வருகிறாள். புதுக்கோட்டையில் 1990-களில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிள் ஓட்ட வைத்தது. இங்கே ஓட்டத் தெரிந்த பிள்ளையை ரோடு இறக்கிவிடுகிறது.

அண்ணாச்சி, கோபப்படாதீர்கள். உங்கள் கடை வரிசையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் கார்களில் எத்தனை வாடிக்கையாளருடையது? பாதி கடைக்காரர்களுடையதுதானே?

மார்க்கெட் அண்ணாச்சி
டீச்சரம்மா சொல்வதில் என் காரும் உண்டு, சரி. ஆனால் பாலத்தை என்ன செய்வீர்கள்? 1843-ல் சிரஸ்தாராக, அதாவது கலெக்டர் ஆபீஸ் அதிகாரியாக இருந்த சுலோச்சன முதலியார் கைக்காசு போட்டுக் கட்டியது. அது மாட்டு வண்டிக்குப் போட்ட அகலம்.

தாமிரபரணி மிதிவண்டி
பக்கத்திலேயே இன்னொரு பாலம் வந்துவிட்டதே அண்ணாச்சி. இரண்டு பாலத்திலும் ஓரமாக ஒரு கீற்று விடமுடியாதா? முதலியார் ஆற்றைக் கடக்க வழியில்லாதவர்களை நினைத்துத்தானே காசைப் போட்டார்.

ஹைகிரவுண்ட் ரைடர்
வெறும் வெள்ளைக் கோடு என்றால் நான் எதிர்த்தே எழுதுவேன். கோடு போட்ட மறுநாளே அது பைக் பார்க்கிங். உயரமான தடுப்பு, வாரம் தவறாமல் பெருக்க ஆள், இந்த இரண்டையும் மனுவில் சேருங்கள். பிறகு பேசுவோம்.

மார்க்கெட் அண்ணாச்சி
தடுப்பு தொடர்ச்சியாக வந்தால் நான் எதிர்ப்பேன், சொல்லிவிட்டேன். நடுநடுவே லோடு இறக்க இடைவெளி, காலை எட்டுக்கு முன்னும் மதியம் இரண்டுக்கு மேலும் என்று நேரம் போட்டு வரைந்து கொண்டு வாருங்கள். கடைக்காரர்களை நான் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். கையெழுத்து படத்தைப் பார்த்த பிறகுதான்.

மேலப்பாளையத்தான்
எட்டுக்கு முன் என்றால் எனக்கு ஒத்துவரும். மதியம் இரண்டுக்கு மேல் என்பதை மூன்றரைக்குள் முடியுங்கள், அதன்பிறகு பள்ளி விடும் நேரம்.

மார்க்கெட் அண்ணாச்சி
மூன்றரை எப்படிவே முடியும்? தூத்துக்குடி லாரியே மூணு மணிக்குத்தான் வருது.