கீழமாசி வீதி குடும்பம் 🪔

காவ்யா 10.07: யாராச்சும் லேப்டாப் தெரிஞ்சவங்க ஆன்லைன்ல இருக்கீங்களா, அவசரம்

காவ்யா 10.07: நெட் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ கட் ஆகுது. போன்ல அதே வைஃபை நல்லா ஓடுது. இன்னிக்கு சாயங்காலம் 5 மணியோட டிஎன்இஏ இன்ஜினியரிங் கவுன்சிலிங் சாய்ஸ் ஃபில்லிங் முடியுது. 84 காலேஜ் லிஸ்ட் எழுதி வச்சிருக்கேன், 20 கூட ஏத்தல, சேவ் பண்றதுக்குள்ள போயிருது, மறுபடி மொதல்லருந்து லாகின்

ராஜாத்தி அத்தை 10.09: ஆப் பண்ணி ஆன் பண்ணியா மருமகளே

காவ்யா 10.09: நாலு தடவ அத்தை

தேவி 10.11: நேத்து ராத்திரி டேபிள்ல வச்சு பாத்தப்ப ஒழுங்கா தான் இருந்துச்சு. படுத்துக்கிட்டு பாக்குறா, மூடிய சாய்ச்சா போயிருது

காவ்யா 10.11: அம்மா அது வைஃபை, டியூப்லைட் இல்ல

பிரபு மாமா சிவகாசி 10.14: போன்லயே போட்டா என்ன

காவ்யா 10.15: போடலாம் மாமா, ஆனா வரிசை மாத்தணும், மேல கீழ இழுக்கணும், சின்ன ஸ்கிரீன்ல ஒன்னு தப்பா இழுத்துட்டா பிடிக்காத காலேஜ் மேல போயிரும்

சுந்தரம் பெரியப்பா 10.22: காவ்யா பதட்டப்படாத. நான் 31 வருஷம் டெலிபோன் இலாகால லைன் பாத்தவன், ஃபால்ட்டுன்னு வந்தா மொதல்ல செய்ய வேண்டியது கண்டத மாத்துறது இல்ல, ரெண்டு பக்கமும் பிரிச்சு பாக்குறது, எக்ஸ்சேஞ்ச் பக்கமா சப்ஸ்கிரைபர் பக்கமான்னு. மழை பேஞ்சா ஜாயிண்டுல தண்ணி எறங்கும், இவன் வீட்டுக்குள்ள ரிசீவர மாத்திக்கிட்டு இருப்பான். அதே கதை தான் இதுவும். நெட் உங்க வீட்டு வாசல் வரைக்கும் வருதா, இல்ல வாசல்லருந்து லேப்டாப்புக்கு வரலையா, இத மொதல்ல கண்டுபிடி. கருப்பு ஸ்கிரீன் கமாண்ட் பிராம்ப்ட் இருக்கும்ல, அதத் தெறந்து பிங் அடிச்சு ஒரு எடம் விட்டு 192.168.1.1 போட்டு, ஒரு எடம் விட்டு மைனஸ் டி போடு, அது நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். நெட் போற நேரத்துல என்ன வருதுன்னு பாத்து சொல்லு. அந்த நம்பர் உங்க வீட்டு வைஃபை பெட்டியோட நம்பர். வேற நம்பரா இருந்தா பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். பெட்டி பதில் சொல்லி வெளியில போக முடியலன்னா லைன் காரன கூப்பிடு. பெட்டியே பதில் சொல்லலன்னா பிரச்சன வீட்டுக்குள்ள.

முருகேசன் 10.24: 👍

ராஜாத்தி அத்தை 10.25: அண்ணே இம்புட்டு தெரிஞ்சவரு எங்க வீட்டுக்கு லைன் வாங்கிக் குடுக்க நாலு வருஷம் ஆக்குனீங்க 😂

சுந்தரம் பெரியப்பா 10.26: அது வெயிட்டிங் லிஸ்ட்டு. எனக்காக சட்டத்த மாத்துவானா.

ராஜாத்தி அத்தை 10.26: உங்க வீட்டுக்கு மட்டும் வந்துச்சு

முருகேசன் 10.27: காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க

காவ்யா 10.41: பெரியப்பா பிங் போட்டேன். நல்லா ஓடுச்சு. அப்பறம் 60, 200, 900 மில்லிசெகண்டுன்னு பதில் வர்ற நேரம் ஏறிச்சு, அப்பறம் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட். பெட்டியே பதில் சொல்லல

சுந்தரம் பெரியப்பா 10.42: அப்ப லைன் மேல தப்பு இல்ல. நான் சொன்னேன்ல.

பிரபு மாமா சிவகாசி 10.43: என்ன சொன்னீங்க பெரிய மச்சான், ரெண்டுல ஒன்னுன்னு தான சொன்னீங்க

கார்த்தி அண்ணே பெங்களூரு 10.58: மீட்டிங்ல இருந்தேன். அது என்னோட பழைய லேப்டாப் தான? காவ்யா, டிவைஸ் மேனேஜர் போ, நெட்வொர்க் அடாப்டர்ஸ்ல வயர்லெஸ்னு இருக்குறத ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், பவர் மேனேஜ்மெண்ட். கரண்ட மிச்சம் பண்ண இந்த டிவைஸ நிறுத்திக்கலாம்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துரு. பழசுல இது தான் வழக்கமா படுத்தும்

காவ்யா 11.03: எடுத்துட்டேன் அண்ணே

காவ்யா 11.24: 20 நிமிஷம் ஓடிருச்சு!!! 31 காலேஜ் ஏத்திட்டேன்

ராஜாத்தி அத்தை 11.25: என் மருமகன்னா மருமகன் தான். எங்க வீட்டுக்கு வந்திருந்தா எனக்கும் இதெல்லாம் பாத்துக் குடுத்திருப்பான். குடுத்து வைக்கல

கார்த்தி அண்ணே பெங்களூரு 11.25: அத்தை 🙏

காவ்யா 11.29: போச்சு

காவ்யா 11.29: மறுபடி போச்சு

சுந்தரம் பெரியப்பா 11.33: பெட்டி எப்ப மாத்துனீங்க முருகேசா?

முருகேசன் 11.40: போன மாசம். புது பெட்டி, ரெண்டு கொம்பு

கார்த்தி அண்ணே பெங்களூரு 11.46: புதுசுல ரெண்டு அலைவரிசை இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சிருப்பாங்க. போன் 5ல போகுது, அதான் ஜம்முனு ஓடுது. என் லேப்டாப் 2014 மாடல், அதுக்கு 2.4 மட்டும் தான் தெரியும். அந்த 2.4ல தான் தெருவுல இருக்குற பழைய பெட்டி, புளூடூத், மைக்ரோவேவ் ஓவன் எல்லாம் கெடக்கும். பெட்டி செட்டிங்ஸ்ல போயி சேனல ஆட்டோல இருந்து எடுத்து 1, 6, 11ல ஏதாச்சும் ஒன்னு வச்சு பாருங்க. இந்த மூணு தான் ஒன்னு மேல ஒன்னு ஏறாது

முருகேசன் 11.50: அதுக்கு பாஸ்வேர்டு கேக்குது

கார்த்தி அண்ணே பெங்களூரு 11.50: வந்து மாட்டுனவர் குடுத்திருப்பாரே

முருகேசன் 11.52: காலண்டர் பின்னாடி எழுதி வச்சேன். அந்த மாசம் கிழிச்சாச்சு

தேவி 11.53: மாசக் காலண்டர கிழிக்காதீங்க பால் கணக்கு இருக்குன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்

ராஜாத்தி அத்தை 11.55: மதினி பால் கணக்கு வாய்ல வச்சுக்கோங்க, நான் அப்படித்தான். ஆமா கிரகப்பிரவேசப் பத்திரிகைல எங்க வீட்டுக்காரர் பேர் கடைசில வந்ததும் காலண்டர்ல எழுதுன லிஸ்ட்டு தான

தேவி 11.56: அது அகர வரிசைங்க

ராஜாத்தி அத்தை 11.56: அப்ப பிரபு தம்பி பேர் எப்படி மேல வந்துச்சு

பிரபு மாமா சிவகாசி 11.57: நான் கடைக்கு வந்துட்டேன் அப்பறம் பேசுறேன்

சுந்தரம் பெரியப்பா 12.10: காவ்யா, கம்பியில்லாம போற எதையும் நம்பாத. பெட்டிக்குப் பின்னாடி மஞ்சளா ஓட்டை இருக்கும், அதுல லேன் கேபிள சொருகி லேப்டாப்ல சொருகு. எங்கிட்ட நானே கிரிம்ப் பண்ண 10 மீட்டர் கேபிள் பரண்ல கெடக்கு. சாப்பிட்டுட்டு டிவிஎஸ்ல கொண்டாந்து தாரேன்.

முருகேசன் 12.11: வெயில்ல வேணாம்ணே

சுந்தரம் பெரியப்பா 12.11: வாரேன்னு சொன்னா வாரேன்.

முருகேசன் 12.15: காவ்யா சிஎஸ் எல்லாம் மேல போட்டுட்டியா

காவ்யா 12.16: அப்பா நெட்டே இல்ல

ராஜாத்தி அத்தை 12.20: கட் ஆப் எவ்வளவு அவளுக்கு

முருகேசன் 12.21: 171.5

சுந்தரம் பெரியப்பா 12.23: இசி போடச் சொல்லு. கம்யூனிகேஷன் என்னிக்கும் அழியாது.

கார்த்தி அண்ணே பெங்களூரு 12.24: அவளுக்கு என்ன வேணும்னு கேளுங்க. வரிசை ரொம்ப முக்கியம் சித்தப்பா, மேல இருந்து தான் பாத்துக்கிட்டே வருவாங்க, கெடச்ச மொத எடத்துல நிப்பாட்டிருவாங்க. நிஜமா பிடிச்சத தான் மேல போடணும்

முருகேசன் 12.24: அதான் சிஎஸ்

காவ்யா 12.26: 🙂

தேவி 12.48: மறுபடி சொல்றேன், டேபிள்ல நிமித்தி வச்சா நிக்குது. கட்டில்ல மூடிய பின்னாடி சாய்ச்சா போவுது. அரை மணி நேரமா நான் பக்கத்துல உக்காந்து வெண்டைக்கா நறுக்கிக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்கேன்

கார்த்தி அண்ணே பெங்களூரு 12.50: சித்தி ஒரு நிமிஷம். அதோட ஹிஞ்ச், மூடிய பிடிச்சிருக்குற கீல், மாத்துனீங்களா?

தேவி 12.51: பொங்கலுக்கு முந்தி, மூடி ஆடுதுன்னு டவுன்ஹால் ரோட்டுல குடுத்து மாத்துனோம். 1,200 ரூவா

கார்த்தி அண்ணே பெங்களூரு 12.54: அட. வைஃபைக்கு ஆன்டெனா கீழ இல்ல, மூடிக்குள்ள ஸ்கிரீன சுத்தி இருக்கும். அங்கருந்து கருப்பு வெள்ளைன்னு ரெண்டு மெல்லிசு வயர் ஹிஞ்ச் வழியா கீழ எறங்கி வைஃபை கார்டுல பட்டன் மாதிரி மாட்டியிருக்கும். ஹிஞ்ச் மாத்துறப்ப வயர் நசுங்கியிருக்கலாம், இல்ல பட்டன் சரியா உக்காரல. காவ்யா, பிங்க ஓடவிட்டு மூடிய மெதுவா முன்ன பின்ன ஆட்டு

காவ்யா 1.02: ஐயோ

காவ்யா 1.02: நிமித்துனா 3 மில்லிசெகண்ட். சாய்ச்சா 900. இன்னும் சாய்ச்சா அவ்வளவு தான். சிக்னல் நாலு கோடுலருந்து ஒன்னாகுது

காவ்யா 1.03: சாரிம்மா

தேவி 1.05: சோறு போட்டாச்சு வா

முருகேசன் 1.09: ஆக ஹிஞ்ச் தான். கார்த்தி குடுக்கும்போதே ஆடுச்சு அது

கார்த்தி அண்ணே பெங்களூரு 1.11: சித்தப்பா என் மொத சம்பளத்துல வாங்குனது, ஒம்பது வருஷம் வச்சிருந்து ஆடாம தான் குடுத்தேன்

முருகேசன் 1.12: குத்தம் சொல்லலப்பா

ராஜாத்தி அத்தை 1.12: சொல்லிட்டு சொல்லலன்னா

கார்த்தி அண்ணே பெங்களூரு 1.20: இன்னிக்கு இப்ப திறக்காதீங்க. போன யூஎஸ்பி வயர்ல லேப்டாப்ல மாட்டி, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணு. போன் வைஃபைலயே இருக்கட்டும், பெரும்பாலும் அது வழியாவே நெட் போகும், டேட்டா காலியாகாது. அப்பறமா ஒரு சின்ன யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கி சொருகிக்கலாம், ஆன்டெனா அதுக்குள்ளயே இருக்கும், மூடிய எப்படி வேணா சாய்

பிரபு மாமா சிவகாசி 1.31: புதுசாவே வாங்கிருங்க மச்சான், காலேஜ் போறா

கார்த்தி அண்ணே பெங்களூரு 1.33: ஆமா அதுல விண்டோஸ் 10, அதுக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமா குடுக்குற அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திட்டாங்க. 11 அதுல ஏறாது

முருகேசன் 1.35: மொதல்ல சீட் வரட்டும்

தேவி 1.35: மோதிரம் மீட்டதுக்கு அப்பறம் பாக்கலாம்

பிரபு மாமா சிவகாசி 1.36: ஆளுக்கு கொஞ்சம் போடலாமே

(மெசேஜ் பாத்தவங்க 11 பேர்)

ராஜாத்தி அத்தை 2.15: யாருக்காச்சும் நாட்டுக் கத்தரிக்கா வேணுமா, தோட்டத்துல ஏகப்பட்டது, பஸ்ல குடுத்து விடுறேன்

தேவி 2.16: எங்களுக்கு ரெண்டு கிலோ ராஜாத்தி

ராஜாத்தி அத்தை 2.16: சரி மதினி

காவ்யா 3.48: 84ம் ஏத்தியாச்சு. டெதரிங்ல ஒரு தடவ கூட போகல. வரிசைய சரி பாக்குறேன்

முருகேசன் 4.05: காலேஜ் கோடு 5008, தியாகராஜர் சிஎஸ் மேல வச்சுக்க

சுந்தரம் பெரியப்பா 4.20: நான் கெளம்பிட்டேன். கேபிள் இருக்கு.

கார்த்தி அண்ணே பெங்களூரு 4.20: அப்பா வேல முடிஞ்சிருச்சு, மேல படிங்க

காவ்யா 4.41: போட்டாச்சு!! கன்ஃபர்ம் பண்ணிட்டேன் 🥳

ராஜாத்தி அத்தை 4.41: 👏👏👏

பிரபு மாமா சிவகாசி 4.42: சூப்பர்டா

முருகேசன் 4.43: மொதல்ல என்ன போட்ட

முருகேசன் 4.46: காவ்யா

முருகேசன் 4.49: சிவில் போட்டியா?

காவ்யா 4.52: நெட் கட் ஆயிருச்சுப்பா

முருகேசன் 4.52: போன்ல தான டைப் பண்ற

ராஜாத்தி அத்தை 4.53: 😂😂

தேவி 4.55: மாமா வாசல்ல நிக்கிறாரு, கைல கேபிள். யாராச்சும் கதவத் தெறங்க, நான் அடுப்புல இருக்கேன்