தீப்பெட்டிக்குள் இருக்கும் எண்: இயற்கணித வகுப்பில் கையால் செய்து பார்த்தவை

எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியர்:

'3 எக்ஸ் + 4 = 19' என்ற சமன்பாட்டை என் மாணவர்கள் தவறில்லாமல் தீர்த்துவிடுவார்கள். ஆனால், நான்கு மறுபக்கம் போகும்போது ஏன் கழித்தலாகிறது என்று கேட்டால், "அந்தப் பக்கம் போனா மாறிடும் சார்" என்பதற்கு மேல் பதில் வராது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால், சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனைகளிலும் காகிதத் தட்டுகளை நூலால் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தராசு செய்தேன். மூன்று தீப்பெட்டிகளில் ஐந்தைந்து புளியங்கொட்டைகளை மாணவர்கள் பார்க்காதபடி போட்டு மூடி, அவற்றோடு நான்கு கொட்டைகளை இடத்தட்டிலும், பத்தொன்பது கொட்டைகளை வலத்தட்டிலும் வைத்தேன். தராசு நேராக நிற்கவே இல்லை. பெட்டிகளுக்கும் எடை உண்டு என்பதையும், புளியங்கொட்டைகள் ஒரே எடையில் இருப்பதில்லை என்பதையும் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் கொட்டைகளுக்குப் பதிலாக ஒரே மாதிரியான ஒரு ரூபாய் நாணயங்களைப் பயன்படுத்தினேன். வலத்தட்டில் மூன்று காலித் தீப்பெட்டிகளையும் சேர்த்து வைத்தேன். இம்முறை தராசு நின்றது. முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வந்து இடத்தட்டிலிருந்த நான்கு நாணயங்களை எடுத்ததும் வலத்தட்டு சட்டெனக் கீழே இறங்கியது. நான் எதுவும் சொல்லவில்லை. அவன் ஒரு கணம் தயங்கிவிட்டு, வலத்தட்டிலிருந்தும் நான்கு நாணயங்களை ஒவ்வொன்றாக எடுத்தான். எஞ்சிய பதினைந்தை மூன்று குவியலாகப் பிரித்து, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஐந்து என்று கரும்பலகையில் எழுதினான். அதன் பிறகு அந்த வகுப்பில் "அந்தப் பக்கம் போனா" என்ற பேச்சு குறைந்து, "ரெண்டு பக்கமும் நாலு எடுக்கணும்" என்ற பேச்சு வந்தது. ஒரு சிக்கல் மட்டும் எனக்குத் தீரவில்லை. '2 எக்ஸ் + 7 = 3' என்று வந்தால் தட்டிலிருந்து எடுக்க ஏழு நாணயங்கள் இல்லை; தீப்பெட்டிக்குள் குறை இரண்டை வைக்கவும் முடியாது. இதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:

குறை எண்கள் வந்ததும் நான் தராசை ஓரமாக வைத்துவிட்டு அட்டைகளுக்கு மாறிவிடுவேன். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு நிறமுள்ள சிறு சதுரங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். பச்சை என்றால் மிகை ஒன்று. சிவப்பு என்றால் குறை ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பூச்சியம். எக்ஸுக்கு நீளமான பட்டை. உங்கள் கணக்கில் இடப்பக்கம் இரண்டு பட்டைகளும் ஏழு பச்சைகளும், வலப்பக்கம் மூன்று பச்சைகளும் இருக்கும். எடுப்பதற்குப் பதிலாக இருபக்கமும் ஏழு சிவப்புகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் இரண்டு பட்டைகள் மட்டும் மிஞ்சும். வலப்பக்கம் மூன்று சோடிகள் நீங்கி நான்கு சிவப்புகள் நிற்கும். அப்படியானால் பட்டை ஒன்றுக்கு இரண்டு சிவப்பு, அதாவது எக்ஸின் மதிப்பு −2.

பட்டையை வெட்டும்போது மிகவும் கவனமாக இருங்கள். நான் முதன்முதலில் சதுரத்தின் பக்கத்தை ஒரு செண்டிமீட்டராகவும் பட்டையின் நீளத்தைச் சரியாக ஐந்து செண்டிமீட்டராகவும் வைத்திருந்தேன். ஒரு மாணவி ஐந்து சதுரங்களைப் பட்டையின் மேல் வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, எந்தக் கணக்கானாலும் எக்ஸ் ஐந்துதான் என்று நோட்டில் எழுதிவிட்டாள். அவள்மீது குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் கொடுத்த பொருள் அதைத்தானே சொன்னது? இப்போது சதுரங்களால் சரியாக நிரப்ப முடியாத நீளத்தில்தான் பட்டைகளை வெட்டுகிறேன்.

உயர்நிலை வகுப்புகளுக்குக் கற்பிக்கும் மற்றோர் ஆசிரியை:

'ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்' என்றதும் ஏ ஸ்கொயரையும் பி ஸ்கொயரையும் மட்டும் எழுதி நிறுத்திவிடும் பிள்ளைகளுக்காக நான் செய்ததைச் சொல்கிறேன். வரைபடத்தாளில் பக்கம் 13 கட்டங்கள் கொண்ட சதுரத்தை வரைந்து வெட்டச் சொன்னேன். அதன் ஒரு மூலையில் பக்கம் 10 உள்ள சதுரத்தையும் எதிர் மூலையில் பக்கம் 3 உள்ள சதுரத்தையும் வெட்டி எடுத்துவிட்டால், மேசையின் மீது இரண்டு செவ்வகங்கள் மிஞ்சும். நூறும் ஒன்பதும் சேர்ந்தால் 109; முழுச் சதுரமோ 169. அந்த அறுபது எங்கே போயிற்று என்று கேட்டபோது, ஒரு மாணவி இரண்டு செவ்வகங்களையும் கையில் தூக்கிப் பிடித்து, "இதோ, முப்பது முப்பது" என்றாள். அந்தத் துண்டுகளை நோட்டிலேயே ஒட்டி, பக்கத்தில் '2 ஏபி' என்று எழுதச் சொன்னேன்.

இதே முறையை இருபடிச் சமன்பாட்டுக்கும் நீட்டலாம். அல்ஜீப்ரா என்ற பெயரே 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூல் தலைப்பிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அவரும் படம் வரைந்தே விளக்கினார். எக்ஸின் வர்க்கத்தோடு பத்து எக்ஸைக் கூட்டினால் 39 என்பது அவருடைய கணக்கு. பக்கம் எக்ஸ் உள்ள சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில், பத்தில் பாதியான ஐந்து அகலமுள்ள இரண்டு செவ்வகங்களை ஒட்டினால் மூலையில் 25 கட்டங்களுக்கு இடம் காலியாக நிற்கும். அதை நிரப்பினால் மொத்தம் 64, பக்கம் 8. ஆகவே எக்ஸ் 3. மற்றொரு விடையான −13 ஒரு நீளமாக அமையாது என்பதால் அதை அட்டையில் காட்ட முடியாது. கரும்பலகையில் தனியாகத்தான் விளக்க வேண்டும்.

ஆறாம், ஏழாம் வகுப்பு ஆசிரியர்:

என் பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால், தீக்குச்சிகளைக் கொடுக்காமல் விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒரே நீளத்தில் நறுக்கிக் கொடுக்கிறேன். அடுத்தடுத்து ஒட்டிய சதுரங்களை வரிசையாக அமைத்தால் 4, 7, 10 என்று குச்சிகள் கூடும். நூறு சதுரங்களுக்கு எத்தனை என்று கேட்டபோது மூன்று குழுக்களும் 301 என்றன. ஆனால் மூன்று வழிகளில் எண்ணியிருந்தன. முதல் குழு தொடக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, சதுரத்துக்கு மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போயிருந்தது. இரண்டாவது குழு முதல் சதுரத்துக்கு நான்கும் மீதி 99 சதுரங்களுக்கு மூன்று மூன்றுமாக எண்ணியிருந்தது. மூன்றாவது குழு மேல்வரிசையில் நூறு, கீழ்வரிசையில் நூறு, நிற்கும் குச்சிகள் 101 என்று பிரித்திருந்தது.

சதுரங்களின் எண்ணிக்கையை எக்ஸ் என்று வைத்து, '1 + 3 எக்ஸ்', '4 + 3 (எக்ஸ் − 1)', 'எக்ஸ் + எக்ஸ் + (எக்ஸ் + 1)' என மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். யாருடையது சரி என்று முதலில் ஒரே வாக்குவாதம். கடைசிப் பெஞ்சு மாணவன் ஒருவன் அடைப்புக்குறியைப் பிரித்து எழுதிப் பார்த்து, "சார், ரெண்டாவதும் முதலாவதும் ஒண்ணுதான்" என்று கத்தினான். ஒத்த உறுப்புகளைக் கூட்டும் பாடத்தை அடுத்த வாரம் நடத்துவதாகத் திட்டமிட்டிருந்தேன். அன்றே, அந்த மூன்று வரிகளை வைத்தே தொடங்கிவிட்டேன்.